மொட்டைக் கடிதம்

கொஸ்லந்த டவுனில் தமிழில் பிழையில்லாமல் டைப் செய்து தருகிற கடை சுதர்ஷினியுடையது ஒன்றுதான். விண்ணப்பம், முறைப்பாடு, பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அவளிடம்தான் வருவார்கள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருத்தி விதுஷா.

இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒன்றாக உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். தோட்டப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் உதவியாளர் தேவைப்பட்டபோது சுதர்ஷினி முதலாவதாக வந்தாள், விதுஷா இரண்டாவதாக. நியமனம் கைக்கு வர ஒரு வாரம் இருக்கையில், சுதர்ஷினியின் சான்றிதழ் போலி என்று பெயரில்லாத ஒரு கடிதம் கல்வி அலுவலகத்துக்குப் போனது. விசாரணையில் அதிகாரி அதைக் காட்டினார். விதுஷாவின் கொப்பிகளைப் பார்த்து எழுதியே வளர்ந்தவளுக்கு அது யார் எழுத்து என்று அடையாளம் காட்டத் தேவையில்லை. சொன்னால் தான் தப்பிக்க அவள்மேல் பழி போடுகிறாள் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். சான்றிதழ் உண்மையானதுதான் என்று முடிவாவதற்குள் வேலை விதுஷாவுக்குப் போய்விட்டது.

அதைவிட வலித்தது அப்பா கேட்டது. "நீ ஏதாச்சும் செஞ்சிட்டியாம்மா? சொல்லு, நான் ஏசமாட்டேன்." அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

சுதர்ஷினி பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது, பழைய பிரெஞ்சு நாவலின் தமிழாக்கம். கூட இருந்தவர்கள் எழுதிய ஒரு கடிதத்தால் சிறைக்குப் போன மாலுமி, வருடங்கள் கழித்துத் தப்பி வந்து அவர்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிற கதை. சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொருவன் விழும்போதும் அங்கே விதுஷாவின் முகத்தை வைத்துப் பார்த்தாள். நாலாவது தடவை படிக்கையில், பழி போய்ச் சேர்ந்த வீட்டில் ஒன்றுமறியாத பிள்ளை சாகிற இடத்தைத் தாண்ட முடியவில்லை. விதுஷாவுக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவள் பிறகு அதை எடுக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

பிறகு ஊர் திரும்பி இந்த டைப் கடையைப் போட்டாள். அந்தக் கடிதம் போய்ப் பதினான்கு வருடம். போன ஆவணியில் ஒரு மழைநாளில் விதுஷா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"என்மேல மொட்டைக் கடிதம் போட்டிருக்காங்க. வராத நாளுக்கும் கையெழுத்து வச்சேனாம். நாளைக்கே விளக்கம் குடுக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீயா எழுதுன?" என்றாள்.

"இல்ல. நான் எழுதுனா பேரு போட்டுத்தான் எழுதுவேன்."

விதுஷா தலை குனிந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

சுதர்ஷினி அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை வாங்கிக்கொண்டு டைப் செய்ய உட்கார்ந்தாள். வேலைக்கு வந்ததாக விதுஷா குறித்திருந்த தேதிகளில் ஒன்று போயா நாள், பௌர்ணமி விடுமுறை, பாடசாலையே இல்லை. அப்படியே விட்டால் விசாரணையில் மாட்டிக்கொள்வாள். விரல் அங்கே சற்று நின்றது. பிறகு, "இந்தத் தேதி பிழை, சரியா பாத்துச் சொல்லு" என்று கேட்டுத் திருத்தி, அச்செடுத்துக் கொடுத்தாள்.

"உனக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள் விதுஷா.

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லு."

ஒரே ஆட்டோவில் லயத்துக்குப் போனார்கள். சுதர்ஷினியின் அம்மா ரெங்கம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். விதுஷா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரு எடந்தான் இருந்துச்சு அத்தை. அத விட்டா எனக்கும் கொழுந்துக்கூடதான்னு பயந்துட்டேன்."

"இத அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் ரெங்கம்மா.

விதுஷா அழுதாள். ரெங்கம்மா தேற்றவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. மகள் பக்கம் திரும்பினாள். "அப்பா ஒன்னைய கேட்டப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன். எம்மக அப்படிச் செய்யமாட்டான்னு ஒரு வார்த்த சொல்லல."

அம்மாவும் ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பாள் என்று சுதர்ஷினி நினைத்ததே இல்லை. அருகில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணையில் விதுஷா தப்பித்து, வெலிமடைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பழி தீர்ந்ததா என்று கேட்டால் சுதர்ஷினிக்குச் சொல்லத் தெரியாது. ரெங்கம்மாதான் இப்போதெல்லாம், யாரும் கேட்காவிட்டாலும், கொழுந்து மலையில் கூட நிற்பவர்களிடம் தன் மகளுடைய சான்றிதழைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.