பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் சொன்ன பாதிக் கருத்து

முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு இணுவிலில் ஓய்வாக இருக்கிறேன் என்றுதான் பெயர். ஊரில் யாருக்கு ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்தாலும் அது என் வீட்டுக்கு வந்துவிடும். டொக்டருக்கு முன்னால் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாம் விளங்கியதுபோல் தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். பிறகு கிளினிக் கொப்பியை என் முன்னால் விரித்து, "இதுக்கு என்ன கருத்து ரீச்சர்?" என்பார்கள். எனக்கு அதில் எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு.

'குரோனிக்' என்றால் கடுமையானது இல்லை, நாட்பட்டது என்பேன். 'அக்கியூட்' என்றால் திடீரென்று வந்தது. 'பினைன்' என்றால் பயமில்லாத கட்டி, வீட்டுக்குப் போய் வயிறாறச் சாப்பிடுங்கோ என்று அனுப்பிவிடுவேன். கெட்ட கருத்தை மட்டும் நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. தூரத்தில் இருந்து பதறுவார்களாம். இது நான் போட்ட சட்டம் இல்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான்.

போன மாசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் கனடாவில். வயிற்று நோவென்று இரண்டு கிழமை வார்ட்டில் இருந்துவிட்டு, துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். விரித்துப் பார்த்தேன். முதல் வரியில் 'மெற்றாஸ்டேசிஸ்'. புற்றுநோய் தொடங்கிய இடத்தை விட்டு வேறு இடத்துக்கும் பரவிவிட்டது என்று கருத்து. கடைசி வரியில் 'பாலியேட்டிவ் கெயர்'. நோயை இனி மாற்ற முடியாது, இருக்கிற நாட்களில் வேதனையைக் குறைக்கலாம் என்று கருத்து.

"நோவைக் குறைக்கிற மருந்து தருவினம் எண்டு கிடக்கு, அக்கா" என்றேன்.

அதில் பொய் இல்லை. பாதியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

"அப்ப பறவாயில்லை" என்று அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். அங்கே இருந்தபடியே மகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, போனை என்னிடம் தந்தார்.

"ரீச்சர், நான் உடனை வெளிக்கிடட்டோ, இல்லாட்டி ஆடியிலை பிள்ளையளின்ரை லீவுக்கு வரட்டோ?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுக்கே வாங்கோ தம்பி. மருந்து குடுக்கினம்."

பிறகு தனியாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவனுடைய நம்பர் என்னிடம் இருந்தது. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டிய எனக்கு ஒரு போன் எடுக்கத் துணிவு வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு அக்கா பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தார். அதைச் சாப்பிடும்போது, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கே தோன்றியது.

வைகாசியில் அக்கா படுக்கையில் விழுந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் திடீரென்று மூச்சு அடங்கிவிட்டது. மகன் ஓடி வந்தபோது அவர் பெட்டிக்குள் இருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மகன் என் வீட்டுக்கு வந்தான். ஏச்சு வாங்க ஆயத்தமாக இருந்தேன்; வாங்க வேண்டியவள்தான். அவன் அந்தத் துண்டை மேசையில் வைத்தான்.

"உந்தச் சொல்லுகளின்ரை கருத்து எனக்கும் தெரியும் ரீச்சர். ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் போதும்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். துண்டைத் திரும்ப மடித்துக்கொண்டே, "கடைசியிலை அம்மா ஏதும் கேட்டவவோ?" என்றான்.

தண்ணீர் கேட்டார், முருகனைக் கூப்பிட்டார் என்று சொல்ல வாய் உன்னியது. அவன் அதைக் கேட்டு ஆறியிருப்பான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்கள் எப்ப வாறீங்கள் எண்டு கேட்டவ, தம்பி. மூண்டு நாளும் அதைத்தான் கேட்டவ. ஆடியிலை எண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தனான்."