ஒரே பெயரில் இரண்டு அச்சுப்பொறிகள்

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியின் எழுத்தர் ஏசுவடியாள். அலுவலகத்திற்கு வந்த புதிய அச்சுப்பொறியை, அன்று காலை அவரே பள்ளிப் பிணையம் வழியாகத் தம் லினக்ஸ் கணினியில் சேர்த்தார். திரையில் ஒரே பெயரில் இரண்டு தெரிந்தன. முதலாவதைத் தேர்ந்தெடுத்து, பத்தாம் வகுப்பின் மறுநாள் கணக்கு வினாத்தாளை அனுப்பினார். அருகிலிருந்த அச்சுப்பொறி அசையவில்லை.

மாடியில் கணினி அறையிலும் அதே வகை அச்சுப்பொறி உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்நேரம் அங்கே அமர்ந்திருந்தது பத்தாம் வகுப்பு. வினாத்தாள் வெளியானால் தம் வேலை போய்விடும் என்று படியேறி ஓடினார்.

அங்கே ஆசிரியை பிரேமலதா புதிய தாள்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? நேத்தும் தாளை உருவிட்டுப் போயிட்டீங்க. பிரிண்டர் தாள் கேட்டுக் கத்துது. தாளு என்ன தங்கமா?"

பிள்ளைகள் வீணாக்குவார்கள் என்று மாலைதோறும் தாளை எடுத்துப் பூட்டி வைப்பது ஏசுவடியாளின் வழக்கம்.

"போட்டுராதீங்க டீச்சர்," என்று தாள்கட்டை வாங்கிக்கொண்டு, அச்சுப்பொறியின் மின்இணைப்பையும் பிடுங்கினார். கீழே வந்து, கணினியில் காத்திருந்த அச்சுப்பணியை நீக்கினார்.

நீக்கிய பின்னும் தாள்கட்டை நெஞ்சோடு அணைத்தபடியே வெகுநேரம் அமர்ந்திருந்தார்.