அமுக்காமல் விட்ட பொத்தான்

நாற்பத்தேழு வயதில் எனக்கு என் கண்ணழகைப் பற்றிக் கவலை வந்தது. இதை எழுதும்போதே காது சூடாகிறது. எங்கள் வீட்டு ஆண்கள் கண்ணாடி பார்ப்பது சவரத்துக்கு மட்டும்தான்.

அப்போது நான் தெலுங்கு நாட்டில், ஹப்சிகுடா பக்கம் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத் தாவிக்கொண்டிருந்த காலம். நானும் ஆசைப்பட்டு ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். கேள்வி கேட்டவளுக்கு என் மகள் வயது இருக்கும். பாதியில் நிறுத்தி, "சார், ரொம்ப டயர்டா இருக்கீங்களா? தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து போயிருந்தேன் நான். வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மேல் இமைத் தோல் இரண்டு பக்கமும் தொங்கிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. மதியச் சாப்பாடு முடித்த குமாஸ்தாவின் முகம்.

எனக்கு நிஜமான உபாதையும் ஒன்று இருந்தது. தொங்கிய தோல் அழுத்தியதில் இமைமுடிகள் கீழே கவிழ்ந்து, நாலைந்து முடி கண்ணுக்குள்ளேயே குத்தும். நாள் முழுக்கத் தண்ணீர் வடியும். அதைச் சாக்காக வைத்துக் கண் டாக்டரிடம் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மனைவியும் கிளம்பி வந்தாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "குத்துற முடிக்கு லேசர் வெச்சுடலாம். இமைத்தோலை வெட்டித் தூக்கித் தைக்கிறது அழகுக்காகப் பண்றது. அது உங்க இஷ்டம்" என்றார். அழகு என்று கேட்டதும் என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பே கூசிப்போனது.

"அழகுக்கெல்லாம் இல்லை டாக்டர். மேல் பக்கம் சரியாவே தெரியறதில்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பார்வைக் கோளாறு என்றால் ஆபரேஷன் செலவை ஆபீஸே கொடுத்துவிடும்; ஆனால் இது காசு மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய் இல்லை. அவளுடைய அந்த ஒரு பார்வைக்குப் பயந்து சொன்னது.

"அப்படின்னா டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

இருட்டறையில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மேலே வந்த வெளிச்சம் அத்தனையும் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்கும் அமுக்கவில்லை. "நொக்கண்டி சார், நொக்கண்டி" என்று அமுக்கச் சொல்லி டெக்னீஷியன் தெலுங்கில் கெஞ்சினார். பிறகு என் இமைகளைப் பிளாஸ்திரியால் தூக்கி நெற்றியோடு ஒட்டிவிட்டு, முதலிலிருந்து மறுபடி எடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொன்ன பொய் முன்னுக்குப் பின் முரணாகிவிடக் கூடாதே என்று இந்த முறையும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் கருவிகளோடு குப்பை கொட்டியவன் நான். அந்தப் பிளாஸ்திரி எதற்கென்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? மடையன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. இமை மறைத்திருந்தால், தூக்கி ஒட்டியதும் பார்வை சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் கோளாறு இமையில் இல்லை, உள்ளே நரம்பில் இருக்கலாம் என்றார். இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம், லேசரும் வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்.

"பார்வை போயிடுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா."

என் மாமனாருக்குக் கண்ணில் அழுத்தம் வந்து பார்வை போயிருந்தது. கல்யாணமாகும் வரை அவரைக் கைபிடித்து நடத்தியவள் இவள்தான். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் அழவில்லை. ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பத்தாம் நாள் சாயங்காலம் முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு அம்மாவோடு லாலாகுடா மைதானத்துக்குப் போய், அவருடைய ஸ்கூட்டியில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாளாம். சைக்கிள்கூட ஏறாதவள்.

"நாளைக்கு உங்களை ஆபீஸ்ல கொண்டுபோய் உட ஆளு வேணுமில்லீங்க" என்றாள், டெட்டால் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. இன்டர்வியூவிலிருந்து பிளாஸ்திரி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. எங்கப்பாவும் இப்படித்தானுங்க. எல்லாம் தெரியுதும்மான்னு சொல்லிக்கிட்டே போய் செவுத்துல முட்டிக்குவாரு."

நான் கத்தினேன். சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அவள் கண்ணுக்கு நான் இன்னும் நல்ல மனுஷனாகத் தெரிந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

மறுபடி டெஸ்டுக்குப் போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, தெரிந்த வெளிச்சத்துக்கெல்லாம் ஒழுங்காக அமுக்கினேன். என் மனைவிக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. "சும்மா அமுக்கியிருந்தா?" என்று கேட்டாள். அப்படி அமுக்கினால், வெளிச்சம் வராதபோதும் அமுக்கியதை வைத்து மெஷினே காட்டிக்கொடுத்துவிடும், இவருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் அவளிடம் பேப்பரைக் காட்டி விளக்கினார். அன்றே குத்துகிற முடிகளுக்கு லேசர் வைத்து அனுப்பினார். இமையைத் தூக்குவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கண்ணில் கட்டோடு ஆட்டோவில் திரும்பினோம். தார்நாகா சிக்னலில் வண்டி நின்றதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அழகுக்குத்தான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க?"

"நீ சிரிப்பியோன்னு பயந்துட்டேன்."

"நான் தலைக்கு டை அடிச்சுட்டு வந்து நின்னப்ப நீங்கதானுங்க சிரிச்சீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அதுக்கப்புறம் நான் அடிக்கவே இல்ல."

கட்டுப் போடாத கண்ணால் திரும்பி அவள் தலையைப் பார்த்தேன். வகிட்டின் இரண்டு பக்கமும் நன்றாக நரைத்திருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.