மழை என்று சொல்லாத வெள்ளிக்கிழமை

அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஏறி மழைமானியைப் பார்த்தேன். காலி. மழை நோட்டில் சைபர் போட்டு, பக்கத்தில் எழுதினேன்: “கிழக்கே மூட்டம். காற்று இல்லை. புழுக்கம்.” ஆறரைக்குக் காபி. ஏழுக்குக் குளியல். ஏழரைக்கு பீரோவைத் திறந்து, மூன்றாம் தட்டில் தனியாக மடித்து வைத்திருக்கும் இளநீலச் சட்டையை எடுத்தேன். ஆட்டம் உள்ள நாளில் மட்டும் வெளியே வரும் சட்டை அது. எட்டு மணிக்குக் கடையைத் திறந்தேன்.

அருப்புக்கோட்டையில் விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடை என்னுடையது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் என்னிடம் மருந்து வாங்குகிறார்களோ இல்லையோ, மழைக் கணக்கைக் கேட்காமல் போக மாட்டார்கள். உரக் கம்பெனிக்காரர்கள் ஒரு கூட்டத்தில் அன்பளிப்பாகக் கொடுத்த மழைமானி அது. மற்ற கடைக்காரர்கள் அதைப் பரணில் போட்டார்கள். நான் மாடியில் சிமெண்ட் மேடை கட்டி வைத்தேன். பத்தொன்பது வருடங்களாக ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறேன். வானம் இப்படி இருந்தால் அன்று என்ன நடந்தது, எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் கரிசலில் எத்தனை நாளில் கால் வைக்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. “அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்” என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு நோட்டும் உண்டு. அது ஆட்ட நோட்டு.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் டவுனை ஒட்டிய கல்லூரி ஒன்றிலிருந்து கரையான் மருந்து கேட்டு ஆள் அனுப்பினார்கள். கால்பந்து மைதானத்தில் கோல் கம்பம் மரத்தில் செய்தது. அதைக் கரையான் அரித்து, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மருந்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது ஆட்டம் தொடங்கியது. நான் அதுவரை ஒரு பந்தைக் காலால் உதைத்தவன் இல்லை. அன்று அந்த அணி ஆறு கோல் வாங்கித் தோற்றது. ஆறாவது கோலுக்குப் பிறகும் கோல் காக்கும் பையன், கோலி, எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, “வாங்கலே, இன்னும் நேரம் இருக்கு” என்றான். கையெழுத்து வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஆட்டத்துக்கும் போனேன். இன்றுவரை போகிறேன்.

நான் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லை. என் மகனும் அங்கே படிக்கவில்லை. அவன் படித்தது மதுரையில். அந்த மதுரைக் கல்லூரி எங்களை நான்கு முறை தோற்கடித்திருக்கிறது. நான்கு முறையும் நான் வீட்டில் மகனோடு பேசவில்லை. அவனுக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாது. “நேத்து நாங்க தோத்துட்டோம்” என்று சாப்பிடும்போது சொன்னால் என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடி, “அது யாரு ‘நாங்க’?” என்று கேட்பாள்.

ஆட்ட நோட்டில் தேதி, நேரம், எதிரணி, கோல் விழுந்த நிமிடம் எல்லாம் இருக்கும். ஒருமுறை கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், பட்டமளிப்பு விழா மலருக்காகப் பழைய கணக்கு வேண்டும் என்று அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். பத்து நிமிடம் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சார், இதுல பசங்க பேரே இல்லையே. நீங்க எந்தப் பக்கம் உக்காந்தீங்க, என்ன சட்டை, டீ குடிச்சீங்களா இல்லையான்னுதான் இருக்கு.” உண்மை. ‘வேப்பமரத்துக்கு இடப்பக்கம், இளநீலச் சட்டை, டீ இல்லை, வெற்றி’ என்று எழுதியிருந்தேன். கோல் போட்டவன் பெயர் ‘நெட்டையன்’. பதினோரு வருடங்களில் மூன்று நெட்டையன்கள் ஆடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு விதிகள் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் முக்கியமான விதி: ஆட்டம் உள்ள நாளில் மழை என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. அந்த மைதானம் முழுக்கக் கரிசல். நாலு தூறல் விழுந்தால் பூட்ஸில் அப்பி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ ஆகிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அரையிறுதி பாதியில் மழையால் நின்று, காசு சுண்டிப் போட்டு, நாங்கள் தோற்றோம். அன்று காலை கடையில் ஒருவரிடம் “சாயங்காலம் மழை வரும்” என்று சொல்லியிருந்தேன். அதிலிருந்துதான் இந்த விதி. ஐப்பசிக்குக் காத்திருக்கும் விதைக் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ‘அது’ என்பேன். “அது இன்னும் ரெண்டு நாளு ஆகும்” என்பேன். எதைச் சொல்கிறேன் என்று புரியாமல், வந்தவர்கள் என் மனைவிக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு அரையிறுதி. எங்கள் மைதானத்தில். பதினோரு வருடங்களில் நாங்கள் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தைத் தொட்டதில்லை.

எட்டு இருபதுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். என் மனைவியின் தம்பி. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல், பருத்தி போடுகிறவர்.

“மச்சான், டிராக்டர்காரரு மத்தியானத்துக்கு மேல வரவான்னு கேக்குறாரு. இல்லேன்னா நாளைக்கு விடியக்காலம் வாராராம். நாளைக்குன்னா நிதானமா ஓட்டிக்கிடுவேன். வானம் என்ன சொல்லுது?”

எங்கள் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். முதல் மழையிலேயே முளைத்துவிடும். மழை முந்திக்கொண்டால் போச்சு. கரிசல் களியாகி, டிராக்டர் இறங்கவே ஒரு வாரம் ஆகும். முதல் மழை வீண். மானாவாரிக் காட்டுக்கு அந்த முதல் மழைதான் பாதி வெள்ளாமை.

கிழக்கே மூட்டம், காற்று இல்லை, புழுக்கம். இப்படி நான் எழுதிய நாட்களில் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் பெய்திருக்கிறது. நோட்டைப் புரட்ட வேண்டியதே இல்லை. எனக்கு மனப்பாடம்.

“இன்னைக்கு அது வராது மாப்ளே. நாளைக்கே ஓட்டு” என்றேன்.

ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. வரும் என்று சொன்னால் வந்துவிடும் என்று பயந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வேளாண்மையில் பட்டயம் வாங்கியவன். அந்தச் சான்றிதழைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். மாப்பிள்ளையோடு பேசியபோது அது என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

இரண்டே முக்காலுக்குக் கடையை அடைத்தேன். மூன்றேகாலுக்கு வேப்பமரத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் வழக்கம்போல் விசைத்தறி ஓட்டும் நண்பர். பள்ளியில் என் பெஞ்சு. ஷிப்டு இல்லாத நாளில் ஆட்டத்துக்கு வருவார். பாதி நேரம் ஆட்டத்தைப் பார்ப்பார், மீதி நேரம் என்னை.

இருபத்தெட்டாவது நிமிடம் ஒரு கார்னர். பந்து யார் முதுகிலோ பட்டு உள்ளே போனது. ஒன்றுக்குச் சைபர். நான் எழுந்து கத்தவில்லை. எழுந்தால் இடம் மாறிவிடும். இடைவேளையில் நண்பர் டீ நீட்டினார். வேண்டாம் என்றேன். ஐம்பத்தொன்றாவது நிமிடம் எதிரணி சமன் செய்தது. அதன்பின் பந்து எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தை எழுதும்போது எட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது.

“ஏலே, வந்துருச்சுலே” என்றார் நண்பர்.

“எது?” என்றேன்.

“எதுவா? மண்டையில விழுது, எதுன்னு கேக்க?”

ஐந்து நிமிடத்தில் கொட்டியது. எதிரணிக்காரன் ஒருவன் கோலியைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிட்டான். காலியான கோலை நோக்கி உருண்ட பந்து, கோட்டுக்கு அரை அடி முன்னால் களியில் பதிந்து நின்றுவிட்டது. அதை எடுத்துவிட ஓடியவனும் அடிக்க ஓடியவனும் சேர்ந்தே வழுக்கி விழுந்தார்கள். அறுபத்தாறாவது நிமிடம் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. யாரும் ஒதுங்க ஓடவில்லை. பார்க்க வந்தவர்கள் முகத்தை மேலே தூக்கி நின்றார்கள். எங்கள் கோலி பைக்குள்ளிருந்து போனை எடுத்து, பாலித்தீன் பைக்குள் வைத்தபடியே காதில் வைத்தான். “அய்யா, நம்மூர்ல பெய்யுதா?” என்றான். நெட்டையன், “பந்தல்குடியில நல்லா ஊத்துதாம்” என்று அடுத்தவனிடம் சொன்னான். எதிரணியிலும் இரண்டு பேர் காதில் போனோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நின்றதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த மைதானத்தில் மழையைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற ஒரே ஆள், விதைக் கடைக்காரனான நான்தான்.

என் போனும் அடித்தது.

“மச்சான், இங்க பெய்யுது.”

“இங்கயும்தான் மாப்ளே.”

“வெதை மூட்டை வீட்டுலயே இருக்கு. சரி விடுங்க. மழை நம்ம கையிலயா இருக்கு? நீங்க என்ன செய்வீக.”

அவர் திட்டியிருந்தால் நான் நண்பரோடு நின்று, ஆட்டம் மறுபடி தொடங்குமா என்று பார்த்திருப்பேன். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டு வரப்பில் நின்றார். உழுது வைத்த மண் கறுத்துப் பளபளவென்று கிடந்தது.

“மாப்ளே, காலையிலேயே எனக்குத் தெரியும்” என்றேன்.

“என்ன தெரியும்?”

“மழை வரும்னு.” அன்று முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

“பெறகு ஏன் வராதுன்னு சொன்னீக?”

“ஆட்டம் இருந்துச்சு. காலேஜ் ஆட்டம். வரும்னு சொன்னா வந்துரும்னு…”

அவர் என் நனைந்த நீலச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க ஆடுனீகளா?”

“இல்ல. பார்த்தேன்.”

“பாக்குறதுக்கா?” சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். “ஒரு வாரம் போச்சு மச்சான். தையில காய் பிடிக்கைல மண்ணுல ஈரம் இருக்காது. அது தெரியுமில்ல?”

“தெரியும்.”

“எல்லாம் தெரியுது உங்களுக்கு.” சாக்கைச் சரிசெய்துகொண்டார். “மண்ணு பதம் வந்த அன்னைக்கு டிராக்டர்ல வெதைப் பெட்டிக்குப் பின்னால நீங்கதான் நிக்கணும். வெதை விழுற குழாய் அடைச்சா குச்சி விட்டு எடுத்து விடணும். விடிஞ்சதுலருந்து பொழுது அடையிற வரைக்கும்.”

“வாரேன்.”

“எந்த நாளா இருந்தாலும்?”

“எந்த நாளா இருந்தாலும்.”

“அது எந்த நாளுன்னும் நீங்கதான் சொல்லணும். காலையில அளவு பார்த்துச் சொல்லுங்க. இந்தத் தடவை மண்ணுக்குச் சொல்லுங்க, பந்துக்குச் சொல்லாதீக.”

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி போனைப் பார்த்தேன். நண்பர் நான்கு முறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

“எங்கலே போன? காசு சுண்டுனாங்க. நமக்குத்தான் விழுந்துச்சு. வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு பைனலு. விருதுநகர்ல.”

பதினோரு வருடக் காத்திருப்பு முடிந்த அந்த நிமிடத்தை நான் பார்க்கவில்லை. ஆட்ட நோட்டில் அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “எப்படியோ நாங்க ஜெயிச்சுட்டோம்” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“நீங்க செயிச்சீக” என்றாள். “என் தம்பி தோத்துட்டான்.” ரசத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாப்பிட்ட கையோடு மழை நோட்டை எடுத்தேன். முப்பத்தைந்திலிருந்து நாற்பது மில்லிமீட்டர் வரை பெய்து, பிறகு வெயில் அடித்தால், கரிசல் ஆறாம் நாள் பதத்துக்கு வரும். ஆறாம் நாள் வியாழக்கிழமை, இறுதி ஆட்டமும் அன்றுதான். நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஏழாம் நாள். வெள்ளிக்கிழமை. வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது வேண்டவே வேண்டாம் என்று இருந்தவன், இன்னும் ஒரு பத்து மில்லிமீட்டர் பெய்யட்டும் என்று ஜன்னல் பக்கத்தில் நின்று வேண்டினேன். ஒன்பது மணிக்குத் தூறல் விட்டது. நானும் படுக்கப் போனேன்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காபிக்கும் முன்னால், நோட்டைக்கூட எடுக்காமல், மாடிக்கு ஏறினேன். மழைமானித் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். முப்பத்தெட்டு. ஈரச் சுவரில் சாய்ந்து இன்னொரு முறை பார்த்தேன். முப்பத்தெட்டுதான். நாற்பத்தாறு என்று சொன்னால் கேட்கிறவர் நம்புவார். பத்தொன்பது வருடங்களாக அந்த எண்ணை ஒருவரும் சரிபார்த்ததில்லை.

அங்கேயே நின்று மாப்பிள்ளைக்கு போன் செய்தேன்.

“முப்பத்தெட்டு, மாப்ளே.”

“அப்ப என்னைக்கு?”

“வியாழக்கிழமை” என்றேன்.