கரையில் கிடந்த ஓங்கல்

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. அதனால்தான் பூமாரிக்குப் பிழைப்பு ஓடியது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, தெருப் பெண்களை வேனில் ஏற்றி மணப்பாட்டுக்குக் கூட்டிப்போய், படகில் வைத்து டால்பின் காட்டுவாள். கரைக்காரர்கள் அதை ஓங்கல் என்பார்கள். ஆலாப் பறவைகள் மீனுக்காகக் கூட்டமாகத் தண்ணீரில் விழும் இடத்துக்கு அவள் விரல் நீட்டினால், கொஞ்ச நேரத்தில் அங்கே முதுகு தெரியும். ஒரே ஒரு தடவை, வெகு தூரத்தில், திமிங்கலம் ஊதிய மூச்சைக்கூடக் காட்டியிருக்கிறாள்.

அந்த ஞாயிறு பேய்க்காற்று. படகு எடுக்கவில்லை.

"டால்பின் காட்டுதேன்னு கூட்டியாந்து கருவாடு காட்டுதா," என்றாள் வேனில் வந்த யோகலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். பூமாரியும் சிரித்தாள். இவர்கள் வாய்தான் அவளுக்கு விளம்பரம். ஊரில் போய் உதட்டைப் பிதுக்கினால் அடுத்த வேன் நிரம்பாது.

கரையோரமாக நடந்து மணல்மேட்டைத் தாண்டியதும் கிடந்தது, ஓங்கல் குட்டி. உயிர் இருந்தது. வெயிலில் தோல் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. உச்சந்தலைத் துளை மட்டும் திறந்து மூடித் திறந்தது. பூமாரி வனத்துறைக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறோம், ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளையை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றார்கள். அவள் தன் துண்டை நனைத்துப் போர்த்தினாள்.

மாலாக்கா பைக்குள் கையை விட்டாள். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவள். தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான். கையோடு வந்தது அம்மன் கோயில் புற்றுமண் பொட்டலம். சிரங்கோ பூச்சிக்கடியோ, அந்த மண்ணைக் குழைத்துப் பூசாத வீடு ஊரில் கிடையாது.

"பாவம், உடம்பெல்லாம் புண்ணா கெடக்கு. தண்ணி கொண்டாங்கட்டி."

இன்னும் நாலு பைகளிலிருந்து பொட்டலங்கள் வந்தன.

"யக்கா, தலையில பூசிராதீங்க. அதுக்கு மூக்கு அங்கனதான் இருக்கு," என்றாள் பூமாரி.

"மண்டையிலயா மூக்கு?" என்றாள் யோகலட்சுமி. "அப்ப வாய் எங்கட்டி, வயித்துலயா?"

மறுபடியும் சிரிப்பு.

"இந்தக் குழிதான் ஆழமா இருக்கு," என்ற மாலாக்கா, பிள்ளைக்குக் காதில் எண்ணெய் விடுகிற பக்குவத்தோடு துளையில் மண்ணை அப்பினாள். ஓங்கல் உதறியது.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும், மக்கா."

பூமாரி குனிந்து இரண்டு விரலால் மண்ணைத் தோண்டினாள். சேறு தெறிக்க ஒரு மூச்சு சீறி வந்தது. மாலாக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை.

"அம்மன் மண்ண நகத்தால கிண்டி எறிவியோ? ஊருல போயி சொல்லட்டா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பூமாரி கையை எடுத்துக்கொண்டாள்.

மாலாக்கா மறுபடி அப்பினாள். வால் ஐந்தாறு முறை மணலை அறைந்தது. அப்புறம் அறையவில்லை.

"நோவு அடங்கிட்டு. எப்படித் தூங்குது பாருங்க," என்ற மாலாக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிலர் கும்பிட்டார்கள். யோகலட்சுமி போனை நீட்டினாள்.

"நீதானட்டி போட்டோ நல்லா எடுப்ப. எல்லாரும் விழணும்."

பூமாரி வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். திரை முழுக்கச் சேலைகள்.

"யக்கா, கொஞ்சம் வெலகி நில்லுங்க," என்றாள். "அது மூஞ்சி மறையுது."