சேனை வைத்த விரல்

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போதெல்லாம் என் கை தானாக மடியைத் தடவும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த மடியில் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, விடியற்காலையில் நான் பீய்ச்சி வைத்த தாய்ப்பால். அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறேன் என்றால் என் கணவரே நம்ப மாட்டார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்த நாட்கள்தான். ஆனாலும் ஏங்குகிறேன்.

என் மகள் இருபத்தைந்தாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எழுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள், வாயில் மூச்சுக்குழாயோடு கிடந்தாள். மருத்துவமனையில் எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு திரையும் இருக்கும். அங்கே உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டே மாமியார்களின் தலையை உருட்டுவோம். பச்சைமலையிலிருந்து வந்த ஒருத்தி என் பக்கத்து நாற்காலி. "டீச்சரு, பாடம் நடத்தாதீங்க, பால எடுங்க" என்பாள். அவள் மகனுக்கு ஒரு மில்லி பாலை இரண்டு மில்லியாகக் கூட்டிய அன்று அறை முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தாள். அப்படி மனம்விட்டுச் சிரித்துக்கொண்டே மிட்டாயை நான் பிறகு எந்தக் கல்யாணத்திலும் தின்றதில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"வயித்துல இருக்கறப்போ குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதனால இதயத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வழி திறந்திருக்கும். பிறந்ததும் மூடிக்கணும். உங்க பொண்ணுக்கு மூடல. மருந்து குடுத்தா மூட வாய்ப்பிருக்கு. ஆனா அதே மருந்து குடலுக்குப் போற ரத்தத்தையும் குறைக்கலாம். இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் சில சமயம் குடல்ல ஓட்டை விழுந்துடும்."

"குடுக்காம விட்டா?"

"நுரையீரல்ல ரத்தம் சேந்துக்கிட்டே போகும். மூச்சு மெஷின்லேருந்து எடுக்கவே முடியாம போகலாம்."

கணக்கு டீச்சர் நான். இரண்டு பக்கமும் நஷ்டமாக வரும் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு ஒரு வேளையாக மூன்று நாள் மருந்து.

எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் திருவானைக்காவலில் இருக்கும் என் நாத்தனாரை வைக்கச் சொல்லி முடிவு செய்திருந்தார்கள். அவர் பரம சாது. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். என் குணம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்று குடும்பமே கவனமாக இருந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் தினமும் பையில் சர்க்கரையோடு வந்து வெளியே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது மருந்து ஏறிய அன்று பெட்டிக்குள் பார்த்தேன். அவள் விலா எலும்புகள் ஏறி இறங்கின. சாது குணம் இவளுக்கு எதற்கு? இவளுக்குச் சண்டை போடத் தெரிய வேண்டும். இந்த வீட்டில் சண்டை போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாத்தனாரிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. அறையிலிருந்த கேன் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்து, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போனேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியபோதும் அந்தக் கையை மட்டும் விரிக்கவில்லை. பஞ்சை ஒரு விரலால் தொட்டு அவள் உதட்டில் வைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மறுநாள் காலை அவள் வயிறு உப்பி, நீலம் பாரித்திருந்தது. குடலுக்கு வெளியே காற்று இருப்பதாக எக்ஸ்ரே சொன்னது. ஓட்டை விழுந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள்.

"பால் தவிர வாயில வேற ஏதாவது பட்டுச்சா?" டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர்."

அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஆபரேஷன் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "எந்தத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு ஆன்டிபயாட்டிக் சேர்க்கச் சொன்னார். வெளியே வந்து நாத்தனாரிடம் ஒப்புக்கொண்டு அழுதேன். அவர் என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "உள்ள விட்டிருந்தா நானும் இதத்தானே செஞ்சிருப்பேன்" என்றார். அதுவரை அவரை நான் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துவைத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். அதற்குள் பச்சைமலைக்காரி மகனைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்விட்டாள். அந்த நாற்காலியில் வேறொருத்தி வந்து அழுதாள். இந்த முறை நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

நாங்களும் வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. மகளைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தேன். டாக்டரம்மா தனியாக இருந்தார். அத்தனை நாளும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு என் கையாலதானா டாக்டர்?"

அவர் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணியில ஓட்டை விழாதும்மா. தொற்று வந்திருக்கலாம், அதனாலதான் மருந்து சேத்தேன். ஆனா எதனால ஆச்சுன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது." துணியை மறுபடி மூடினார். "அந்த மூணு நாள் மருந்த எழுதினது என் கை. நானும் தினம் வீட்டுக்குப் போய் இதே கேள்வியத்தான் கேட்டுக்கறேன்."