என் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட வருடம்

கூடைப்பந்து ஆடுவதற்கு நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை செய்பவர்கள் நம்புவதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், கல்லூரி நாட்களில் தானும் ஆடியவர் என்பதால், ஒரு அணியை நடத்திவந்தார். எங்கள் ஜெர்சியின் முதுகில் எண்ணைவிடப் பெரிதாகக் கடையின் பெயர் இருக்கும். மாதம் பிறந்தால் ஆளுக்கொரு தொகை கொடுப்பார். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிட்டோம்.

அந்த அணியில் அதிகம் வாங்கியவன் நான். உயரம் அப்பா வழியில் வந்தது. அவர் ஆட்டோ ஓட்டினார். வருடக்கணக்காகக் குனிந்து ஓட்டியதில் அவருடைய உயரம் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. என் உயரம் எனக்கு உபயோகப்பட்டது. வெளியூர் மைதானங்களில் நாங்கள் வேனிலிருந்து இறங்கும்போதே எதிரணிக்காரர்கள் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொள்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் போட்ட கூடைகளில் பாதி இன்னொருவனுக்குச் சேர வேண்டியவை. அவன் பிள்ளையார்பாளையத்துக்காரன், என் வயது, என் தோளுக்குத்தான் வருவான். அவன் வீட்டு முன்னறை முழுவதையும் அண்ணனின் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர அவன் வீட்டில் தங்கியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக ஆடினோம். நான் எந்தப் பக்கம் திரும்பப்போகிறேன் என்பது எனக்கே தெரிவதற்கு முன்னால் பந்து அவன் கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். நான் அதைத் தவறவிட்டால் மைதானம் முழுவதும் கேட்கும்படி திட்டுவான். "எங்கடா பாத்துக்கினு இருக்க? கோபுரம் பாக்க வந்தியா?" நானும் திருப்பித் திட்டுவேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் டீக்கடைக்குப் போவோம்.

ஒரு மழைக்காலத்தில் ஈரமான சிமெண்ட் தரையில் வழுக்கி அவன் முட்டி திருகிக்கொண்டது. பல மாதம் கழித்து முட்டியில் பட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். கை பழையபடி இருந்தது, கால்தான் கொஞ்சம் பின்தங்கியது. அதே சமயத்தில் முதலாளியின் வியாபாரமும் மந்தமாகியிருந்தது.

ஒரு நாள் அவர் என்னைக் கடை மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சென்னை அணி ஒன்று என்னைக் கேட்டிருந்த செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. என்னை அனுப்ப அவருக்கு மனமில்லை. சம்பளத்தை ஏற்றித் தருவதாகச் சொன்னார். அதற்காக இரண்டு பேரை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னார். ஒருவர் எங்களில் மூத்தவர், கல்யாணமானவர், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். இன்னொருவன் என் நண்பன்.

"எனக்கு ஏத்தித் தர வேணாம் முதலாளி," என்றேன். "இப்ப குடுக்கறதுலயே கொறச்சிக்குங்க. நான் எங்கயும் போவல. அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும்."

வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொல்லச் சொன்னார் அவர். கேட்க வேண்டியதில்லை என்றேன். இது யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தோளில் தட்டி, சரி என்றார்.

பெருந்தன்மை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவன் இல்லாத மைதானத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சென்னையில் யாரோ முகம் தெரியாதவன் கொடுக்கும் பந்துக்காக நான் எப்படி ஓடுவேன்? கடையில் எல்லாருக்கும் குறைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நன்றாகவே ஆடினோம். அவன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு பந்தை இன்னும் சீக்கிரமாக விடக் கற்றுக்கொண்டான். வெளியூர்களில் இரண்டு கோப்பைகள்கூட வாங்கினோம்.

பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு போட்டி நடந்தது. தொடக்க நாள் மாலை. அணிகள் வரிசையாக நிற்க, பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். முதலாளியின் முறை வந்தது. அவர் கெட்டவர் இல்லை. என்னை நினைத்து உண்மையாகவே பெருமைப்பட்டார், அந்தப் பெருமையை அவரால் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. கூட விளையாடும் இரண்டு பேருக்காகத் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட பிள்ளை இவன் என்று மைக்கில் சொல்லி, என்னை முன்னால் வரச் சொன்னார். அந்த இரண்டு பேர் யார் என்று அவர் சொல்லவில்லை. முட்டியில் பட்டை கட்டியவன் வரிசையில் ஒருவன்தான் இருந்தான்.

கூட்டம் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கைதட்டல் ஓய்ந்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து யாரும் என்னைத் திட்டவில்லை. பயிற்சியில் நான் தாமதமாக வந்தால் காத்திருந்தார்கள். கிண்டல் நின்றது. மூத்தவர் என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ள ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொன்னால் சிரித்தபடி நின்றுகொண்டே இருப்பார்.

அரையிறுதியில், ஆட்டம் முடியும் தறுவாயில், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டையும் தவறவிட்டேன். வளையத்தில் பட்டுப் பந்து வெளியே போனதும் நான் அவனைத்தான் பார்த்தேன். ஊரே கேட்கக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவன் பக்கத்தில் வந்து, "பரவால்ல, விடு," என்றான். 'டா' இல்லாமல் அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு புள்ளியில் தோற்றோம். தோற்றது என்னால்தான். ஆனாலும் முதல் தண்ணீர் பாட்டிலை என்னிடம்தான் நீட்டினார்கள். பிறகு பைக்குகளில் இரண்டிரண்டு பேராகக் கிளம்பிப் போனார்கள். நான் ஓய்வெடுக்க விரும்புவேன் என்று நினைத்திருப்பார்கள், யாரும் கூப்பிடவில்லை. டீக்கடைக்குத் தனியாகப் போனேன். டீ மாஸ்டர் வழக்கம்போல இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார். இன்றைக்கு ஒன்று போதும் என்றேன்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே அண்ணன் நெய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் தெருமுனைவரை நடந்தோம்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றான்.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதச் சொல்ல உட்டிருக்கணும் இல்ல?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் எதையாவது பேசியிருப்பேன்.

"நீ நல்லதுதான் பண்ண. இல்லன்னு சொல்லல," என்றான். "ஆனா இனிமே நான் உன்ன எப்படித் திட்டறது, சொல்லு. நேத்து நீ ரெண்டையும் உட்டப்ப வாய் வரைக்கும் வந்திச்சி. உன் காசுல நின்னுக்கினு உன்னயே திட்டறமேன்னு அப்படியே முழுங்கிட்டேன். திட்டாம எனக்கு ஆடத் தெரியாதுபா."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். அவன் சித்தப்பா மகன் அங்கே இருக்கிறான் என்றும் சொன்னான். அடுத்த வாரமே சேர்ந்துவிட்டான். நான் முதலாளியிடம் போய் எதையும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

அவன் இடத்துக்கு ஒருவன் வந்தான். நன்றாக ஆடுபவன், மரியாதையானவன், கேட்ட இடத்தில் பந்தைக் கொடுப்பான். நான் மேலும் சில வருடங்கள் ஆடினேன். ஊர்ப் போட்டிக் கோப்பையையும் ஒருமுறை வாங்கினோம். அந்தப் புகைப்படம் வெகுநாள் கடையில் மாட்டியிருந்தது. முதலாளி கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகு அணி கலைந்தது. சென்னைக்காரர்கள் அதற்குள் என்னை மறந்திருந்தார்கள். இப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஷிப்டு மேற்பார்வை பார்க்கிறேன். அப்பா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

போன வருடம் மூத்தவர் திருப்புட்குழியில் வீடு கட்டிக் குடிபோனார். பழைய அணியை அழைத்திருந்தார். என் நண்பனும் மனைவியோடு வந்திருந்தான். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். ஷிப்டு நேரம், கம்பெனி பஸ், குளிர்காலத்தில் முட்டி வலிப்பது என்று நிறையப் பேசினோம். ஒரு வார்த்தையிலும் கசப்பு இல்லை. கை கழுவப் போகும்போது மனைவியிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லிக்கினே இருப்பனே, அவருதான். பெரிய மனசு," என்றான். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து பஸ்ஸுக்காக நின்றேன். நல்ல வெயில். அணியில் ஆடிய நான்கு பேர் ஒரே காரில் என்னைக் கடந்து போனார்கள். வேகத்தைக் குறைத்துக் கை காட்டினார்கள். நான் ஒரு சைகை செய்திருந்தால் நெருக்கியடித்து இடம் கொடுத்திருப்பார்கள். நானும் கையை மட்டும் காட்டினேன்.